‘தே’, ‘இட்’, ‘வீ’: ஆளைப் பிடிப்பது எப்படி?

மொழிபெயர்ப்பாளர்:
ஆங்கிலத்தில் வரும் ‘தே’ (they), ‘இட்’ (it), ‘வீ’ (we) போன்ற பிரதிப்பெயர்கள் யாரை, எதைச் சுட்டுகின்றன என்று கண்டுபிடித்துத் தமிழாக்குவது எப்படி என்பதுதான் கேள்வி. பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொல்லோடு ‘தே’யை ஒட்டவைக்கும் பழக்கத்தால்தான் பாதிப் பிழை வருகிறது. 1972-இல் கணினி அறிஞர் டெர்ரி வினோகிராட் காட்டிய எடுத்துக்காட்டைப் பாருங்கள்: நகரமன்றத்தார் ஆர்ப்பாட்டக்காரர்களுக்கு அனுமதி மறுத்தார்கள், ஏனென்றால் ‘தே’ வன்முறைக்கு அஞ்சினார்கள். அஞ்சியவர்கள் மன்றத்தார். ‘அஞ்சினார்கள்’ என்பதை எடுத்துவிட்டு ‘வன்முறையை ஆதரித்தார்கள்’ என்று போட்டால், அதே ‘தே’ ஆர்ப்பாட்டக்காரர்கள் பக்கம் தாவிவிடும். வாக்கிய அமைப்பு அப்படியேதான் இருக்கிறது. அனுமதி மறுப்பவர் எதற்காக மறுப்பார் என்ற பொது அறிவுதான் வழிகாட்டுகிறது. எனவே இரண்டு பெயரையும் மாறிமாறி ‘தே’ இருக்கும் இடத்தில் வைத்து, ‘ஏனென்றால்’ பகுதியோடு சேர்த்துப் படியுங்கள்.

மெய்ப்பு பார்ப்பவர்:
தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘தே’ ஆட்கள் என்றால் அவர்கள், பொருள்கள் என்றால் அவை, ஆணா பெண்ணா என்று சொல்லாத ஒருவர் என்றால் அவர். மூன்றாவதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஒரே ஊழியரைப் பற்றிய பத்தியில் திடீரென ‘அவர்கள்’ முளைக்கும்.

அலுவலகக் கடிதங்கள் எழுதுபவர்:
‘வீ’ இன்னும் மோசம். நிர்வாகம் முடிவெடுத்துவிட்டுத் தெரிவிக்கிறது என்றால் நாங்கள். படிப்பவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை என்றால் நாம். ஒரே மடலில் இரண்டும் வரும். மருத்துவர் நோயாளியிடம் ‘ஹவ் ஆர் வீ டுடே?’ என்றால் அங்கே ‘நீங்கள்’தான்!

மொழிபெயர்ப்பாளர்:
‘ஹிஸ்’ஸையும் (his) சேர்த்துக்கொள்ளுங்கள். ஜான் பீட்டரிடம் ‘ஹிஸ்’ வண்டி பழுது என்று சொன்னார். யார் வண்டி? தமிழில் ‘தன் வண்டி’ என்றால் ஜானுடையது என்று முடிந்துவிடும். ஆங்கிலம் மழுப்பியதை நாம் தீர்மானித்தே ஆக வேண்டியிருக்கிறது. அடுத்த வரியில் மெக்கானிக்குக்குப் போன் செய்வது யார் என்று தெரிந்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும். கிடைக்காவிட்டால் எழுதியவரைக் கேட்பதே நல்லது, ஊகிக்க வேண்டாம்.

ஆங்கில ஆசிரியர்:
‘இட் இஸ் ரெய்னிங்’கில் வரும் ‘இட்’ எதையும் சுட்டுவதில்லை. ‘மழை பெய்கிறது’, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு ஒன்று: விலை ஏறியது, விற்பனை சரிந்தது என்று எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்தை வெறும் ‘திஸ்’ஸோடு (this) தொடங்காதீர்கள். விலையேற்றமா, சரிவா, இரண்டுமா என்று படிப்பவர் தடுமாறுவார். ‘திஸ் ஃபால்’ (this fall, ‘இந்தச் சரிவு’) என்று ஒரு பெயர்ச்சொல்லைக் கூடவே வையுங்கள். ஒப்பந்தங்களில் பிரதிப்பெயரே வேண்டாம். வாங்குபவர், விற்பவர் என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். படிக்க அலுப்பாக இருந்தாலும் பரவாயில்லை.