35 வந்த வாரம்

கழித்தல் கணக்கில் அடிபட்ட ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். என் பங்குக்கு ஒரு வாரக் கதை.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. முதல் மூன்று வகுப்பும் என் தலையில். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு, வகுப்பு பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் பிள்ளைகளை உட்கார வைக்கிறோம். அரும்புக் குழு புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருக்க, மலர்க் குழுவுக்குக் கடன் வாங்கிக் கழித்தல்.

திங்கள்கிழமை கரும்பலகையில் 52 − 27 போட்டேன். ஏழு நோட்டில் 35. வழக்கமான தப்புதான், 2இல் 7 போகாது என்பதால் திருப்பிப் போட்டு 7இல் 2ஐக் கழித்துவிட்டார்கள் என்று நானே முடிவு கட்டினேன். செவ்வாய் முழுக்க 'மேலே இருப்பதிலிருந்துதான் கீழே இருப்பதைக் கழிக்கணும்' என்று தொண்டை வறளக் கத்தியும் நாலு பேருக்கு மறுபடி 35. புதன் எனக்குக் கூட்டம், போயிற்று.

வியாழக்கிழமைதான் அந்த நாலு பேரில் ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து, சொல்லிக்கொண்டே போடச் சொன்னேன்.

"ரெண்டுல ஏழு போகாது. பக்கத்து வீட்ல கடன் வாங்கணும். பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு."

கடன் கொடுத்த 5 அப்படியே 5ஆகவே இருக்கிறது. அதற்கும் விடை 35! இரண்டு வேறு வேறு தப்பும் ஒரே இடத்தில் போய் நிற்கிற மாதிரி நானே எண்ணைக் கொடுத்திருக்கிறேன். 52 − 28 என்று போட்டிருந்தால் ஒருவருக்கு 36, இன்னொருவருக்கு 34 என்று திங்களன்றே காட்டிக் கொடுத்திருக்கும்.

"ஏன்மா 5ஐ 4 ஆக்கலை?"

"கடன்தானே டீச்சர், திருப்பிக் கொடுத்துடுவோம்ல?"

அவள் வீட்டுக்கு வாரத் தவணை வசூலிக்க ஆள் வருவது எனக்கும் தெரியும். என்ன பதில் சொல்ல? அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு ஐந்து கட்டு, தனியாக இரண்டு குச்சி. "ஏழு குச்சி எடுத்துக் கொடு" என்றேன். கொஞ்ச நேரம் முழித்தாள். அப்புறம் ஒரு கட்டை அவிழ்த்து, ரப்பர் பேண்டை வளையல் மாதிரிக் கையில் மாட்டிக்கொண்டாள். மிச்சக் கட்டுகளை எண்ணினாள். "நாலுதான் இருக்கு!"

வெள்ளிக்கிழமை கொடுத்த நாலு கணக்கில் ஒன்று 63 − 28. மூன்றைச் சரியாகப் போட்டவள், இதில் மட்டும் அழித்து அழித்துத் தாளே கிழிகிற நிலை. விரல் விட்டு மறுபடி எண்ணிவிட்டு என்னிடம் வந்தாள்.

"டீச்சர், எத்தனை தடவ போட்டாலும் 35தான் வருது. அது தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?"