நுழைவுத் தேர்வு ஆங்கிலம்: பயிற்சிப் புத்தகத்தில் 18, மாதிரித் தேர்வில் பாதிகூட வரவில்லை

அரைகுறை_அம்மா:

வணக்கம். மகனுக்குப் பத்து வயது, இன்னும் நான்கு மாதத்தில் ஒரு பள்ளி நுழைவுத் தேர்வு எழுதுகிறான். கணக்கை அவனே பார்த்துக்கொள்வான், ஆங்கிலம்தான் உதைக்கிறது. தாளில் இலக்கணம், சொல்வளம், ஒரு பத்தியைப் படித்து விடை சொல்வது என்று மூன்று பகுதி, எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்.

எனக்குப் புரியாதது இதுதான். பயிற்சிப் புத்தகத்தில் ஒவ்வொரு பாடமாகப் போட்டால் இருபதுக்குப் பதினெட்டு, பத்தொன்பது எடுக்கிறான். நானும் சந்தோஷமாக அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறேன். போன வாரம் முதல்முறையாக முழு மாதிரித் தேர்வு ஒன்று வைத்தேன், இலக்கணப் பகுதியில் பாதிகூட வரவில்லை. அதே விதிகள்தான், அவனுக்குத் தெரிந்தவைதான். தினமும் இருபது சொல் மனப்பாடம் வேறு ஓடுகிறது, ஆனால் திங்கட்கிழமை படித்ததை வெள்ளிக்கிழமை கேட்டால் முழிக்கிறான். பத்தியைப் படிக்கும்போது வரிவரியாக மனத்துக்குள் தமிழில் மாற்றிக்கொள்கிறான், அதனால் நேரம் போதவில்லை. என் ஆங்கிலமும் அரைகுறைதான், உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு இல்லை. எங்கே தப்பு பண்ணுகிறேன்?

சிவப்பு_மை:

தப்பு உங்களிடம் இல்லை, புத்தகத்தின் தலைப்பில் இருக்கிறது. பக்கத்தின் மேலே கொட்டை எழுத்தில் 'கடந்த காலம்' என்று போட்டிருந்தால் பையன் யோசிக்க என்ன இருக்கிறது? இருபது கேள்விக்கும் வினைச்சொல்லைக் கடந்த காலத்துக்கு மாற்றினால் போதும், வாக்கியத்தைப் படிக்கவே வேண்டாம். விதியைப் பயன்படுத்தப் பழகியிருக்கிறான், எந்த இடத்தில் எந்த விதி என்று கண்டுபிடிக்கப் பழகவில்லை. தேர்வு கேட்பதோ இரண்டாவதை.

நான் மாணவர்களுக்குச் செய்வது ரொம்பச் சாதாரணமான வேலை. ஏற்கெனவே முடித்த ஐந்து பாடங்களிலிருந்து தலா நான்கு கேள்வி, பாடம் தெரியாதபடி கலைத்து ஒரு தாளில். முதல் நாள் மதிப்பெண் சரியும், பயப்படாதீர்கள், அதுதான் அவனுடைய உண்மையான மதிப்பெண். அப்புறம் சரியான விடைக்கும் சேர்த்து 'ஏன் இது?' என்று கேளுங்கள். 'கேட்க நன்றாக இருந்தது' என்று பதில் வந்தால் அதை அரை மதிப்பெண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை, விளக்கத்தில் அவன் தடுமாறுவது முகத்திலேயே தெரிந்துவிடும்.

தப்பானவற்றுக்குத் தனி நோட்டுப் போடுங்கள், ஆனால் சரியான விடையை எழுதி வைக்க அல்ல, ஏன் தப்பானது என்று எழுத. விதியே தெரியாதது ஒரு வகை. விதி தெரிந்தும் இந்த இடத்துக்கு அதுதான் என்று பிடிபடாதது இன்னொரு வகை. கேள்வியையே தவறாகப் படித்தது மூன்றாவது. எது அதிகம் என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். விதியே தெரியாததற்குத்தான் மறுபடி பாடம், மற்ற இரண்டுக்கும் பாடம் எடுத்து ஒரு பயனும் இல்லை.

வேற்றுமை_உருபு:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தமிழில் யோசிக்கும் பிள்ளைகளின் ஆங்கிலத் தப்புகள் தாறுமாறாக வருவதில்லை, பெரும்பாலும் அவை தமிழாகப் பார்த்தால் சரியான வாக்கியங்கள். அதனால் எங்கே சறுக்குவான் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

நமக்குப் பெட்டியில், மேசையில், வாசலில் எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்'. ஆங்கிலத்தில் பெட்டிக்குள் 'இன்', மேசைமேல் 'ஆன்', வாசலுக்கு 'அட்'. ஐந்து மணிக்கு 'அட்', திங்கட்கிழமைக்கு 'ஆன்', ஜூனுக்கு 'இன்'.

'மூன்று வருடமாக இங்கே படிக்கிறேன்' என்பது தமிழில் நிகழ்காலம். அதை அப்படியே 'ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று எழுதுவான், ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு. 'ஹாவ் பீன் ஸ்டடியிங்' வர வேண்டும், மூன்று வருடம் என்பது கால அளவு என்பதால் 'ஃபார்' வர வேண்டும். தொடங்கிய புள்ளியைச் சொன்னால்தான் 'சின்ஸ்'.

'வருவேன் என்று சொன்னான்' என்பதில் நமக்கு 'வருவேன்' தன்மையிலேயே நிற்கும். அதனால்தான் 'ஹீ டோல்ட் தட் ஐ வில் கம்' என்று கூசாமல் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் 'ஹீ செட் தட் ஹீ வுட் கம்', ஆளும் மாறும் காலமும் மாறும்.

எழுவாய், பயனிலை ஒப்புமை இன்னும் சுவாரசியம். 'பையன்களில் ஒருவன் வரவில்லை' என்பதில் 'ஒருவன்' வினைக்குப் பக்கத்திலேயே இருக்கிறான், குழப்பமில்லை. ஆங்கிலத்தில் 'ஒன் ஆஃப் தி பாய்ஸ்' என்று வரிசை தலைகீழாகி, வினைக்குப் பக்கத்தில் 'பாய்ஸ்' வந்து நிற்கும். பிள்ளை பக்கத்தில் இருப்பதைப் பார்த்து 'ஆர்' போடுவான். 'ஆஃப்' தொடங்கி 'பாய்ஸ்' வரை பென்சிலால் அடைப்புக்குறி போட்டு மறைக்கச் சொல்லுங்கள், மிச்சம் இருப்பது 'ஒன்', எனவே 'இஸ்'.

ஒரே ஒரு இடத்தில் தமிழ் கைகொடுக்கிறது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'அ'வா 'ஆன்'ஆ (a, an) என்ற கேள்வி நம் ஒரு, ஓர் போலத்தான். ஆங்கில எழுத்தைப் பார்க்காமல் அந்தச் சொல்லை மனத்தில் தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தானால் பெரும்பாலும் 'ஆன்'. 'அம்ப்ரெல்லா' உயிர், 'ஆன்'. மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' உயிர், 'ஆன்'. 'யூனிவர்சிட்டி' யகரத்தில் தொடங்குகிறது, வெறும் 'அ'. 'எம்.பி.' எகரம், 'ஆன்'. பாடப்புத்தகத்தில் 'உயிரெழுத்தின் ஓசை' என்று அரைப்பக்கம் விளக்குவதை நம் அரிச்சுவடி ஒரு நொடியில் முடித்துவிடும். இதை நான் நாற்பது வயதில் கண்டுபிடித்தேன் என்பது தனிச் சோகம்.

ஒற்றைச்சொல்:

நான் இந்த மாதிரித் தேர்வு எழுதித் தேறியவன், அதனால் பையன் பக்கத்திலிருந்து பேசுகிறேன். இருபது சொல் மனப்பாடத்தை இன்றே நிறுத்துங்கள் அக்கா. ஆறேழு போதும், அதுவும் அகரவரிசைப் பட்டியலிலிருந்து வேண்டாம். 'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' மாதிரி ஒத்த சொற்களை ஒரே நாளில் படித்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஆயுளுக்கும் பிரியாது. முதலில் ஒன்று, அது பழகிய பிறகு மற்றது.

படித்தது மறப்பது அவன் குற்றம் இல்லை. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்ட விஷயம் அது: புதிதாக மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே போய்விடும், பிறகு மறப்பது மெதுவாகும். அதனால் மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, மாதக் கடைசியில் என்று அதே சொல்லைத் திரும்பக் கேட்க வேண்டும். நான் செய்தது சின்ன அட்டைகள். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் இல்லை, அந்தச் சொல் வந்த வாக்கியம். அதில் சொல்லின் இடத்தில் மட்டும் கோடு.

எதிர்ச்சொல் கேள்விகளுக்கு முன்னொட்டு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதிலும் 'இன்' என்பது நம் புணர்ச்சி மாதிரியே நடந்துகொள்ளும். மரம், கள் சேர்ந்து மரங்கள் ஆவதுபோல, 'பாசிபிள்' முன்னால் 'இன்' வந்தால் 'இம்பாசிபிள்', 'லீகல்' முன்னால் 'இல்லீகல்', 'ரெகுலர்' முன்னால் 'இர்ரெகுலர்'. ஆனால் 'அன்' மாறாது, 'அன்லைக்' 'அன்லைக்'தான். வேர்ச்சொல்லும் அப்படித்தான். 'ஸ்பெக்ட்' என்றால் பார்ப்பது என்று தெரிந்தால் 'இன்ஸ்பெக்ட்', 'ஸ்பெக்டேட்டர்' எல்லாம் ஒரே குடும்பம். 'போர்ட்' என்றால் சுமப்பது: 'இம்போர்ட்', 'எக்ஸ்போர்ட்', 'டிரான்ஸ்போர்ட்', 'போர்ட்டபிள்'.

ஒரு குறும்பு இருக்கிறது, எச்சரிக்கிறேன். எதிர்ச்சொல் கேட்டிருக்கும்போது அதே பொருளுள்ள சொல்லை முதல் விடையாக வைத்திருப்பார்கள். அவசரக்காரன் அதைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். நான் போயிருக்கிறேன், ஒரே தாளில் மூன்று முறை. அதன் பிறகுதான் கேள்வியில் 'ஆப்போசிட்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போடும் பழக்கம் வந்தது.

கடைசி_வரி:

பத்தியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வரிவரியாகத் தமிழாக்குவது நிற்க வேண்டுமானால் ஒரே வழி, அவனுக்குச் சுலபமான புத்தகங்களை நிறையப் படிக்கக் கொடுப்பது. தேர்வுத்தாள் பத்தியை அல்ல, அதைவிட இரண்டு படி கீழே. ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தெரியாவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். தமிழாக்க வேண்டிய அவசியமே வராத வேகத்தில் படித்துப் பழகினால்தான் அந்தப் பழக்கம் உதிரும். தினம் இருபது நிமிடம், நடுவில் அகராதியைத் தொடக்கூடாது.

விடை எழுதும்போது பெரும்பாலானவர்கள் விழுவது, எழுதியிருப்பதை மட்டும் தேடுவதால். ஒரு பத்தியில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: 'அவன் செருப்பைப் பார்த்தான், உள்ளங்கையில் இருந்த காசை இன்னொரு முறை எண்ணினான், செருப்பைத் திரும்ப அலமாரியில் வைத்தான்.' ஏன் வாங்கவில்லை என்பது கேள்வி. காசு போதவில்லை என்று எங்கும் எழுதியிருக்காது. 'அவனுக்குச் செருப்பு பிடிக்கவில்லை' என்று ஒரு விடை தயாராக உட்கார்ந்திருக்கும். பத்தியில் உள்ள சொற்களையே அள்ளிப் போட்டு எழுதிய விடையை முதலில் சந்தேகப்படச் சொல்லுங்கள். 'ஆல்வேஸ்', 'நெவர்', 'ஒன்லி' வரும் விடையையும். சில சமயம் அதுவே சரியாக இருக்கும், ஆனால் பத்தியில் விரலை வைத்துக் காட்ட முடிந்தால் மட்டும்.

கேள்விகளை முதலில் படித்துவிட வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் படிப்பது வீண்.

சிவப்பு_மை:

கடைசி வரியில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. பத்து வயதுப் பிள்ளை எட்டுக் கேள்வியை, முப்பத்திரண்டு விடையை முதலில் படித்தால், பொய்யான இருபத்துநான்கு செய்திகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு பத்திக்குள் நுழைகிறது. கதையே குழம்பிப்போகும். முதலில் பத்தியை ஒரு மூச்சாகப் படிக்கட்டும், 'என்ன நடந்தது' என்று ஒரு வரியில் மனத்துக்குள் சொல்லட்டும், பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் பத்திக்குத் திரும்பட்டும்.

கடைசி_வரி:

விடைகளைப் படிக்கச் சொல்லவில்லை ஐயா, கேள்வி வரியை மட்டும். சரி, எட்டு அதிகம்தான், இரண்டு மூன்றை நோட்டம் விட்டால் போதும் என்று திருத்திக்கொள்கிறேன். இரண்டு வழியிலும் ஒவ்வொரு வாரம் போட்டு, எதில் தப்பு குறைகிறது என்று பார்க்கட்டும்.

அரைகுறை_அம்மா:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தலைப்பை மறைத்துக் கலைத்துக் கொடுத்த முதல் நாள் இருபதுக்குப் பதினொன்று. பையன் அழாத குறை. இப்போது பதினைந்து, பதினாறில் நிற்கிறது. நோட்டில் இதுவரை 43 தப்பு: விதி தெரியாதது 9, விதி தெரிந்தும் இடம் பிடிபடாதது 21, கேள்வியைத் தவறாகப் படித்தது 13. இந்தப் பதின்மூன்றைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது, அவனுக்கும்.

பத்தியைப் பொறுத்தவரை அவன் சிவப்பு மை ஐயாவின் கட்சி, பத்தி முதலில். தமிழில் எழுதிப் பார்க்கும் வித்தை அவனுக்கு விளையாட்டாகிவிட்டது, வீட்டில் பார்க்கும் பொருளையெல்லாம் ஒரு, ஓர் என்று சோதிக்கிறான். ஆனால் 'தி' மட்டும் இன்னும் சூதாட்டம்தான். தமிழில் அதற்கு இணை இல்லையே, எப்படிப் புரியவைப்பது?

வேற்றுமை_உருபு:

'எது?' என்று கேட்கச் சொல்லுங்கள். படிப்பவருக்குப் பதில் தெரிந்திருந்தால் 'தி'. 'ஒரு நாய் வந்தது' என்றால் எந்த நாய் என்று தெரியாது, 'அ'. அடுத்த வரியில் 'நாய் குரைத்தது' என்றால் இப்போது வந்த அதே நாய், 'தி'. சூரியன், நிலா ஒன்றுதான் இருப்பதால் கேட்கும் முன்பே பதில் தெரியும். மிக உயரமானவன், முதல் ஆள் எல்லாம் அப்படியே, வேறொருவர் இருக்க முடியாது. மாணவன் பள்ளிக்குப் போகிறான், தூங்கப் போகிறான் என்னும்போது 'ஸ்கூல்', 'பெட்' முன்னால் 'தி' வராது, அங்கே பேச்சு கட்டடத்தையும் கட்டிலையும் பற்றியது இல்லை. இதற்கும் அடங்காதவை நிறைய உண்டு. அவற்றை அந்த 9 இருக்கும் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.