சோவியத் தேசபக்தப் போர் ஆர்டர், 2ஆம் நிலை: போர்க்காலத்ததா, 1985-இல் தந்ததா?

செம்பரிதி:
சோவியத் அரசின் போர் விருதான தேசபக்தப் போர் ஆர்டர் (2ஆம் நிலை) ஒன்றைப் பற்றி விவரம் தேவை. பின்பக்கம் திருகாணி, சோவியத் நாணயச்சாலை முத்திரை, 3-இல் தொடங்கும் ஏழு இலக்க எண். வெள்ளிக் கதிர்கள் கறுத்துவிட்டன. சிவப்பு எனாமலில் ஒரு முனை சில்லு போயிருக்கிறது. எந்தக் காலத்தது? எண்ணை வைத்து உரியவர் பெயரை எடுக்க முடியுமா? பளபளப்பாக்கலாமா?

வெள்ளித்திரு:
எண்ணே பதில் சொல்லிவிட்டது: 1985. இந்த ஆர்டரை 1942 மே 20-இல் நிறுவினார்கள். போர்க்காலத்து 2ஆம் நிலை எண்கள் அந்த உயரத்துக்குப் போகவே இல்லை. இரண்டாம் உலகப் போர் வெற்றியின் 40ஆம் ஆண்டை ஒட்டி, 1985 மார்ச்சில் வந்த ஆணைப்படி உயிரோடிருந்த போர்வீரர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். போரில் காயம்பட்டவர்களுக்கும் குறிப்பிட்ட போர் விருதுகளை ஏற்கெனவே பெற்றிருந்தவர்களுக்கும் 1ஆம் நிலை, மற்றவர்களுக்கு 2ஆம் நிலை. 2ஆம் நிலை மட்டும் 50 லட்சத்தைத் தாண்டியது.

எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், அமைப்பையும் பாருங்கள். போர்க்காலத்ததில் நடுவிலுள்ள சுத்தியல் அரிவாள் தனித் தங்கத் துண்டு, ஆணியடித்துப் பொருத்தியது. 1985-இல் எல்லாம் ஒரே வெள்ளித் தகட்டில் அச்சடித்து, வேண்டிய இடத்தில் தங்க முலாம் பூசினார்கள். 1943 ஜூனுக்கு முந்தையவை ரிப்பனில் தொங்குபவை. திருகாணி அதற்குப் பிறகுதான்.

இன்னொரு சோதனை: 10 மடங்கு லென்ஸை வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடியுங்கள். எண் இருக்கும் இடம் மட்டும் லேசாகக் குழிந்திருந்தால், பழைய எண்ணைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வெட்டியிருக்கிறார்கள்.

ஆவணப்பிரியன்:
எண்ணிலிருந்து பெயருக்குப் போவது கடினம். ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'போத்விக் நரோதா' தளத்தில் பெயரைக் கொடுத்துத்தான் தேட வேண்டும். எண் தேடல் கிடையாது. ஆர்டரோடு கொடுத்த விருதுக் கையேடு கையில் இருந்தால் வேலை முடிந்தது: அதில் பெயர், ஆர்டரின் வகை, எண் எல்லாம் இருக்கும். அந்தப் பெயரைத் தளத்தில் போட்டால் போர்க்காலப் பரிந்துரைத் தாள் ஏதாவது கிடைக்கலாம். 1985 விருதுக்கு மட்டும் வீரச்செயல் விவரம் எதிர்பார்க்காதீர்கள். அது ஆண்டு நிறைவுக்காகத் தந்தது, தனிப் பரிந்துரை எழுதப்படவில்லை. அதனால் போலி என்றாகிவிடாது. முறையான அரசு விருதுதான்.

கையேட்டைப் பிரித்து விற்பவர்களை ஊக்குவிக்காதீர்கள். அது போனால் ஒரு மனிதரின் பெயரே போய்விடுகிறது. ரஷ்யாவுக்குள் சோவியத் அரசு விருதுகளை வாங்குவதும் விற்பதும் குற்றவியல் சட்டம் 324ஆம் பிரிவில் வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எனாமல்காரர்:
பளபளப்பாக்கவே வேண்டாம். வெள்ளியை முக்கி எடுக்கும் ரசாயனக் கரைசல் பள்ளங்களில் இருக்கும் கறுப்பைத் தின்றுவிடும், உருவங்கள் தட்டையாகத் தெரியும். சில்லு போன இடம் வழியாக எனாமலுக்கு அடியிலும் இறங்கும். பாலிஷ் பசை தேய்த்தால் 1985 ஆர்டரின் மெல்லிய முலாம் கழன்றுவிடும்.

காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்மையான சோப்பு, பஞ்சுக்குச்சி, பிறகு வெறும் நீர், உடனே ஒற்றித் துடைப்பு. ஊற வைக்கக் கூடாது. திருகு மரை இறுகியிருந்தால் இடுக்கி வேண்டாம். தண்டு தகட்டோடு பற்றவைத்தது, முறுக்கினால் அடியோடு பிய்ந்துவிடும். ஒரு துளி ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் கழித்து விரலால் திருப்புங்கள்.

சில்லை நிரப்பவும் வேண்டாம். எபாக்ஸி பசை பூசினால் புற ஊதா விளக்கில் தனியாக ஒளிரும், பார்ப்பவர் மற்ற இடங்களையும் சந்தேகிப்பார். பிவிசி உறையில் போடாதீர்கள். அதிலிருந்து வரும் அமிலம் உலோகத்தை அரிக்கும். பாலியெஸ்டர் உறை நல்லது.

செம்பரிதி:
கையேடு இல்லை. அப்படியானால் சோப்பு நீரோடு நிறுத்திக்கொள்கிறேன். இதை எந்தப் பக்கம் அணிவார்கள்?

வெள்ளித்திரு:
வலது மார்பில், இன்னொரு சோவியத் விருதான செந்நட்சத்திர ஆர்டரைப் போலவே. ரிப்பனில் தொங்குபவைதான் இடப்பக்கம்.