புகைப்பட வரலாறு படிக்க எங்கே சேர்வது? எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், உங்களுடையதையும் சொல்லுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன்.

அப்பா எம்.சி. ரோடு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் 28 வருஷம் டச்சிங் வேலை பார்த்தவர். நெகட்டிவை விளக்குப் பெட்டிமேல் வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகத்துத் தழும்புகளை ஒவ்வொன்றாக மறைப்பார். கல்யாணப் பெண்ணின் கருவளையம் போவது அவர் கையில்தான். புகைப்பட வரலாறு படிக்க எனக்கு ஆசை வந்தது அந்த மேஜையிலிருந்து.

முதல் வருஷம் வீணாய்ப் போனது. கல்வி ஆலோசகர் ஒருவர், "போட்டோகிராபிதானே, எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லி, படம் எடுக்கக் கற்றுத்தரும் முதுகலைகளுக்கே மூன்று விண்ணப்பம் போட வைத்தார். அங்கே கேட்டது நான் எடுத்த படங்களின் தொகுப்பு. என்னிடம் இருந்ததோ பி.ஏ. வரலாறும் ஒரு கட்டுரையும். மூன்று இடத்திலும் இல்லை என்றார்கள். கட்டணம் அம்மா சீட்டு எடுத்த பணம். அந்த வலி இன்னும் இருக்கிறது.

அப்புறம் நானே உட்கார்ந்து தேடினேன். புகைப்பட வரலாற்றுக்கென்று தனித் துறை இருப்பது அபூர்வம். பெரும்பாலும் கலை வரலாற்றுத் துறைக்குள், ஒரே ஒரு பேராசிரியரை நம்பி நடக்கும். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் 1937இல் புகைப்பட வரலாற்றுக் கண்காட்சி அமைத்த போமான்ட் நியூஹால், 1971இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தப் போனார். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இந்தத் துறையில் இன்றும் அடிபடுவதற்கு அவர் முக்கியக் காரணம். அதனால் யார் நடத்துகிறார், அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்பதைத்தான் முதலில் பாருங்கள். தரவரிசைப் பட்டியலால் இதில் பயனில்லை.

இங்கிலாந்தில் லெஸ்டரிலுள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2009இல் புகைப்பட வரலாற்றுக்கென்றே ஒரு முதுகலையைத் தொடங்கியது. லண்டன் பிர்க்பெக்கில் கலை வரலாற்றோடு சேர்த்துப் படிக்கலாம். நெதர்லாந்தின் லெய்டனில் சினிமாவும் புகைப்படமும் ஒன்றாக வரும். டொரண்டோவில் இருப்பது வேறு வகை. படங்களைப் பாதுகாப்பதும் தொகுப்புகளை நிர்வகிப்பதும்தான் பாடம், அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள ஈஸ்ட்மன் புகைப்பட அருங்காட்சியகத்தோடு சேர்ந்து உருவானது. அருங்காட்சியக வேலைதான் குறி என்றால் இந்த வகையை விடாதீர்கள். எங்கானாலும் இந்த ஆண்டு சேர்க்கை உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அடுத்தது, நீங்கள் ஆராயப்போகும் படங்கள் எங்கே இருக்கின்றன? ராயபுரம் ஸ்டேஷன் திறந்த அதே 1856இல்தான் இங்கே மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கியது. லின்னேயஸ் டிரைப் மாகாண அரசின் புகைப்படக்காரரானதும் அந்த ஆண்டே. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கியவர் அவர். ஆனால் அவருடைய படங்களின் முக்கியத் தொகுப்புகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அந்தக் காலத்தைப் படிக்கிறவருக்கு லண்டன் சரி. நான் தேடுவது வடசென்னை ஸ்டுடியோக்களை. தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் திரட்டும் பெரிய வேலை நடந்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில். அதனால் எல்லோரிடமும் ஒன்றைத்தான் கேட்டேன்: களப்பணிக்கு என்னை ஊருக்கு அனுப்புவீர்களா?

பெயர் பெற்ற ஓரிடத்தில் வீடியோ நேர்காணலில் பத்து நிமிஷம் பேசினார்கள். கோட்பாடு, கோட்பாடு, அவ்வளவுதான். இன்னோரிடத்தில் நேர்காணல் செய்த அம்மா, "பக்கத்தில் இருக்கும் ஒரு படத்தைக் காட்டுங்கள்" என்றார். சுவரில் மாட்டியிருந்த அப்பா அம்மா கல்யாணப் படத்தைக் கழற்றினேன். படத்திலிருப்பவர்கள் யார் என்று அவர் கேட்கவில்லை. "சட்டத்திலிருந்து எடுத்துப் பின்பக்கம் காட்ட முடியுமா?" என்றார். ரப்பர் ஸ்டாம்பு, பென்சிலில் ஓர் எண், அதன் கீழே சின்னதாய் ஒரு கோடு. எனக்குப் புரியவில்லை. அப்பாவைக் கூப்பிட்டேன். எண் நெகட்டிவ் பெட்டிக்கு, கோடு போட்டால் டச்சிங் முடிந்தது என்று அர்த்தம் என்றார். தன் கல்யாணப் படத்தைத் தானே டச்சிங் செய்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த அம்மா அவரிடம் என்ன பென்சில், எப்படிச் சீவுவீர்கள் என்று முக்கால் மணி நேரம் கேட்டார். நான் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். அங்கேதான் சேர்ந்தேன்.

ராயபுரத்திலிருந்து:

பணம் பற்றி நான் சொல்கிறேன். தங்கைக்காக மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையைப் பார்த்தோம். பட்டியல் சாதி மாணவர்களுக்கு அது பெரிய வழி. ஆனால் இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்குக் கிடையாது என்று 2022 விதிகளில் சேர்த்திருந்தார்கள். அவள் எழுதிய தலைப்பே மெட்ராஸ் படங்கள் பற்றியது. தலைப்பை முடிவு செய்யும் முன்பே அந்தந்த ஆண்டின் விதியைப் படித்துவிடுங்கள். இங்கிலாந்தில் படிக்கக் கிடைக்கும் காமன்வெல்த், செவனிங் உதவித்தொகைகள் இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

காசிமேட்டிலிருந்து:

அக்கா, நான் படிக்கப் போகிறேனா என்று இன்னும் தெரியாது. மாமா ஸ்டுடியோ மூடி ஆறு வருஷமாகிறது. நெகட்டிவ் பெட்டிகள் பரணில் கிடக்கின்றன. பழைய ஃபிலிமிலிருந்து வெள்ளி எடுப்பவர் ஒருவர் கிலோ கணக்கில் கேட்டு வந்தார், மாமி கொடுக்கவில்லை. போன வாரம் திறந்தேன், காடி (வினிகர்) வாசம் மூக்கைத் துளைத்தது.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

தம்பி, மாமிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அந்த வாசம் வந்தால் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதிலிருந்து வரும் ஆவி பக்கத்து ஃபிலிமையும் கெடுக்கும். வாசம் வருவதைத் தனியே பிரித்துவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு மூட வேண்டாம், காகித உறை போதும். ஓட்டு வெப்பம் இறங்கும் பரணிலிருந்து கீழே, ஈரமில்லாத இடத்துக்கு மாற்றுங்கள். கண்ணாடி நெகட்டிவ் இருந்தால் அடுக்கிப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். உறைகளின் மேல் எழுதியிருக்கும் எண்ணையும் பெயரையும் அழித்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், விளக்குப் பெட்டி நான் எடுத்து வருகிறேன்.