படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகளுக்கான மாலை மையம்: நிதி கேட்டு எழுதிய இடமெல்லாம் பதிலே இல்லை, எங்கே தப்பு?

மலையடிவாரம் கேட்டது:

வணக்கம். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் மூன்று ஊராட்சிகளில் வேலை செய்கிற சின்ன அறக்கட்டளை எங்களுடையது. எட்டாவது, பத்தாவதோடு படிப்பை நிறுத்திய 14 முதல் 18 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு மாலை நேர மையம் நடத்துகிறோம். படிப்பு நின்றால் அடுத்த ஆறு மாதத்தில் கல்யாணப் பேச்சு வந்துவிடுகிறது என்பதுதான் இங்கே நிலைமை.

கைவசம் உள்ளவை: பதிவு செய்த டிரஸ்ட் டீட், பான், அறக்கட்டளைக்கு வருமான வரிவிலக்கு தரும் 12ஏபி, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி (இரண்டும் தற்காலிகப் பதிவு, முடிய இன்னும் எட்டு மாதம்), தொண்டு நிறுவனங்களுக்கான மத்திய அரசு தளத்தின் என்ஜிஓ தர்பண் எண். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை (சிஎஸ்ஆர்) வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவு இல்லை, வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவும் இல்லை. போன வருட மொத்தச் செலவு 4.2 லட்சம். மூன்று வருடமும் சேர்த்தால் 9 லட்சம் வரும்.

120 பிள்ளைகளுக்கு 18 லட்சம் என்று திட்ட வரைவு போட்டு வெளிநாட்டுப் பெண்கள் நிதியங்கள், பெங்களூரு, மும்பையின் பெரிய ஃபவுண்டேஷன்கள் என்று எல்லா இடத்துக்கும் அனுப்பினோம். பதிலே இல்லை. பட்ஜெட் தலைப்புகள்: பயிற்சி 6 லட்சம், விழிப்புணர்வு முகாம்கள் 4 லட்சம், சம்பளம் 3.5 லட்சம், நிர்வாகம் 3 லட்சம், இதர 1.5 லட்சம்.

இன்னொன்று. ஒருவர் சிஎஸ்ஆர் நிதி வாங்கித் தருவதாகவும், முன்பணமாக 5 சதவீதம் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். நம்பலாமா?

ஏட்டுக்கணக்கு:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கட்டாதீர்கள். நிதி தருகிற நிறுவனம் எதுவும் வாங்குகிறவரிடம் முன்பணம் கேட்காது. இதே ஆட்கள் அடுத்த கட்டத்தில், "நிறுவனம் 20 லட்சம் போடும், நீங்கள் 14 லட்சத்தை ரொக்கமாகத் திருப்பிக் கொடுங்கள்" என்பார்கள். அதற்குத் தலையாட்டினால் 12ஏபி பதிவு ரத்தாவதோடு நிற்காது, அறங்காவலர்கள் மீது வழக்கே வரும்.

இனி காகிதங்கள். தற்காலிகப் பதிவை முறையான பதிவாக மாற்ற 10ஏபி படிவம் போட வேண்டும். காலாவதிக்கு ஆறு மாதம் முன்பு, அல்லது செயல்பாடு தொடங்கி ஆறு மாதத்துக்குள், இதில் எது முந்தியோ அதுதான் கெடு. நீங்கள் ஏற்கெனவே மையம் நடத்துவதால் இரண்டாவது கணக்கில் கெடு தாண்டியிருக்கவே வாய்ப்பு. எட்டு மாதம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்காமல் இந்த வாரமே ஆடிட்டரைப் பாருங்கள். தாமதமென்றால் அதற்கான மன்னிப்பு மனுவையும் அவர் சேர்த்தே போடுவார். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறுகின்றன. பழைய எண்ணில் பேசினாலும் ஆடிட்டர்களுக்குப் புரியும், போர்ட்டலுக்குத்தான் புரியாது.

டிரஸ்ட் டீடின் நோக்கப் பகுதியையும் ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். "ஏழைகளுக்கு உதவுதல், மரம் நடுதல்" என்று பொதுவாக மட்டும் இருந்து, பெண் கல்வி என்ற சொல்லே இல்லாவிட்டால் நிதி தருகிற நிறுவனத்தின் வக்கீல் அங்கேயே நிறுத்துவார். துணைப் பத்திரம் போட்டு நோக்கத்தைத் திருத்தலாம். ஆனால் திருத்திய 30 நாளுக்குள் வருமான வரித்துறைக்கு அதற்கான விண்ணப்பம் போயாக வேண்டும். இதை விட்டுவிட்டுப் பின்னால் திண்டாடுகிறவர்கள் நிறைய.

நன்கொடை வாங்கிய கணக்கை 10பிடி படிவத்தில் மே 31க்குள் ஏற்றுகிறீர்களா? ஏற்றாவிட்டால் நாளுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். நன்கொடையாளருக்கு வரிச்சலுகைக்கான 10பிஇ சான்றிதழும் வராது. ரொக்க நன்கொடை 2,000 ரூபாய்க்கு மேல் போனால் 80ஜி சலுகை கிடையாது என்பதையும் ரசீது எழுதுகிறவரிடம் சொல்லி வையுங்கள்.

கடல்கடந்த தபால்:

வெளிநாட்டு நிதியங்களிடமிருந்து பதில் வராததற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. எஃப்சிஆர்ஏ இல்லாத இந்திய அமைப்புக்கு அவர்கள் நினைத்தாலும் பணம் அனுப்ப முடியாது. மாமா கேஷ், குளோபல் ஃபண்ட் ஃபார் விமன், இளம்பெண்கள் நடத்தும் குழுக்களுக்குத் தரும் ஃப்ரிடா, எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

எஃப்சிஆர்ஏ பதிவுக்கு அமைப்பு தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று நிதியாண்டில் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும். உங்கள் 9 லட்சம் போதாது. முன் அனுமதி என்று இன்னொரு வழி உண்டு, எஃப்சி-3பி படிவம். அதற்கு 15 லட்சக் கணக்கு தேவையில்லை. ஆனால் குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட திட்டத்துக்கு, குறிப்பிட்ட தொகை தருகிறேன் என்று கடிதம் கொடுக்க வேண்டும். அறிமுகமே இல்லாத அமைப்புக்கு அப்படிக் கடிதம் கொடுப்பவர் அபூர்வம். கிடைத்தாலும் டெல்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கு, நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள், வேறு அமைப்புக்கு அந்தப் பணத்தைக் கைமாற்றத் தடை, வருடா வருடம் எஃப்சி-4 கணக்கு என்று வேலை நிறைய. இரண்டு வருடத்துக்கு இந்தப் பக்கம் போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

நடைமுறையில் பலர் குழம்புகிற இடம் ஒன்று. உங்கள் ஊர்க்காரர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து, இந்திய பாஸ்போர்ட்டை இன்னும் வைத்திருந்தால், சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அவரே அங்கே குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான். தொகை சின்னதென்று நேராக டிரஸ்ட் கணக்கில் வாங்கினால் பின்னாளில் எஃப்சிஆர்ஏ விண்ணப்பமே அடிபடும்.

திட்ட எழுத்தர்:

பட்ஜெட்டைப் பற்றிப் பேசுவோம், எனக்குப் பெரிய கோளாறு அங்கேதான் தெரிகிறது.

4.2 லட்சம் செலவழிக்கிற அமைப்பு 18 லட்சம் கேட்டால், படிக்கிறவர் திட்டத்தைப் பார்ப்பதற்கு முன் தணிக்கை அறிக்கையைப் பார்த்து மூடிவிடுவார். புது நன்கொடையாளரிடம் முதல் தடவை போன வருடச் செலவு அளவுக்குக் கேளுங்கள், கொஞ்சம் கூடலாம். பெரிய ஃபவுண்டேஷன்கள் பலவும் தாங்களாகத் தேடி அழைத்துத்தான் தருகின்றன. அங்கே பொது மின்னஞ்சலுக்கு அனுப்புவது கிணற்றில் போட்ட கல்.

அடுத்தது தலைப்புகள். "விழிப்புணர்வு முகாம் 4 லட்சம்" என்றதுமே பேனர், மைக், மதிய பிரியாணி என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும். "இதர 1.5 லட்சம்" என்ற வரி இருக்கவே கூடாது. 40 பிள்ளைகள், இரண்டு மையம், பன்னிரண்டு மாதம் என்று சுருக்கினால் கணக்கு இப்படி வரும். பகுதிநேர ஆசிரியர் இருவர், மாதம் 6,000 வீதம் 1,44,000. வீடு வீடாகப் போய்ப் பேசுகிற களப்பணியாளர் ஒருவர், மாதம் 12,000 வீதம் 1,44,000. புத்தகம், தேர்வுக் கட்டணம், பிள்ளைக்கு 1,500 வீதம் 60,000. சுண்டலும் டீயும், தலைக்கு 10 ரூபாய், 220 நாள், ஆக 88,000. பயணம் மாதம் 3,000 வீதம் 36,000. கணக்கு எழுதவும் தணிக்கைக்கும் 25,000. மொத்தம் 4,97,000. பிள்ளைக்கு 12,425 ரூபாய். ஒவ்வொரு எண்ணையும் பெருக்கிக் காட்ட முடிகிறது, இதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். விலைவாசியை உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

களப்பணியாளர் சம்பளத்தை வெட்டாதீர்கள். வெட்டச் சொல்வார்கள். பிள்ளைகளை வரவைப்பதே அவர்தான்.

"அரசுதான் செய்கிறதே, நீங்கள் எதற்கு?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பதிலை வரைவிலேயே எழுதிவிடுங்கள். இல்லம் தேடிக் கல்வி 1 முதல் 8 வரை பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உயர்கல்விக்குப் போன பெண்களுக்கு, அதுவும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருந்தால். இடையில் நின்றவள் இரண்டிலும் இல்லை. அந்த இடைவெளிதான் உங்கள் திட்டத்தின் பலம். ஆனால் தனித்தேர்வராகப் பத்தாவது எழுத வைப்பதா, பள்ளியிலேயே திரும்பச் சேர்ப்பதா என்பதையும் யோசித்து எழுதுங்கள். பள்ளியில் சேர்ந்தால் பிறகு புதுமைப் பெண் வாங்க வழி இருக்கும், தனித்தேர்வராக எழுதினால் அந்த நிபந்தனையில் சிக்கல் வரலாம். விவரம் தெரிந்த நன்கொடையாளர் இதைக் கேட்பார்.

ஓசூர் ரோடு:

சிஎஸ்ஆர் பக்கம் நான் சொல்கிறேன்.

நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவழிக்க வேண்டும். சிஎஸ்ஆர் என்றதும் எல்லாரும் டைட்டன், டிவிஎஸ், அசோக் லேலண்ட் என்றுதான் ஓடுகிறார்கள். அவர்களிடம் சொந்தத் திட்டங்களே உண்டு. டைட்டனுக்குப் பெண் குழந்தைகள் கல்விக்கென்றே கன்யா, டிவிஎஸ் மோட்டாருக்கு ஸ்ரீனிவாசன் சேவை அறக்கட்டளை. சின்ன அமைப்பு உள்ளே போவது கஷ்டம்.

நீங்கள் தேட வேண்டியது சராசரி லாபம் 5 முதல் 20 கோடி வரை உள்ள கம்பெனி. அதன் சிஎஸ்ஆர் கடமை 10 முதல் 40 லட்சம். 50 லட்சத்துக்குள் இருந்தால் தனியாக சிஎஸ்ஆர் கமிட்டி வைக்கத் தேவையில்லை, இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். அங்கே சிஎஸ்ஆர் மேலாளர் என்று ஒருவர் இருக்கமாட்டார், கம்பெனி செக்ரட்டரியோ ஃபைனான்ஸ் மேலாளரோ இதைத் தலைவலியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒழுங்கான காகிதத்தோடு 5 லட்சத் திட்டம் போனால் அவருக்கே நிம்மதி. ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் உதிரிபாகம், வார்ப்படம், ஜவுளி என்று இந்த அளவுக் கம்பெனிகள் உண்டு. தொழிற்சாலை இருக்கிற பகுதிக்கு முன்னுரிமை தரச் சட்டமே சொல்கிறது. தேசிய சிஎஸ்ஆர் போர்ட்டலில் எந்தக் கம்பெனி எந்த மாவட்டத்தில் எதற்குச் செலவழித்தது என்று பார்க்கலாம்.

போவதற்கு முன் சிஎஸ்ஆர்-1 எண் கையில் இருக்க வேண்டும். அதற்கு 12ஏ (உங்களிடம் உள்ள 12ஏபிதான்), 80ஜி இரண்டும் தேவை. படிவத்தில் அறங்காவலரின் டிஜிட்டல் கையொப்பமும் தொழில் செய்கிற பட்டயக் கணக்காளர் (சிஏ), கம்பெனி செக்ரட்டரி (சிஎஸ்) அல்லது செலவுக் கணக்காளர் (சிஎம்ஏ) ஒருவரின் சான்றும் வேண்டும். அடிக்கடி திரும்பி வருவதற்குக் காரணம் பெயர்ப் பொருத்தம்: பானில் "டிரஸ்ட்" என்றும் பத்திரத்தில் "சாரிட்டபிள் டிரஸ்ட்" என்றும் இருக்கும். இதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவமும் விதியில் உள்ளது, மூன்று வருடத் தணிக்கை அறிக்கைதான் அதற்கு ஆதாரம்.

காலம்: அடுத்த வருடத் திட்டத்துக்கு டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் போய்ப் பேசுங்கள். பிப்ரவரி கடைசியில் "மீந்த பணம் இருக்கிறது, உடனே வாருங்கள்" என்று அழைப்பு வரலாம். அது ஒருமுறைப் பணம். அதை நம்பி ஆசிரியர் சம்பளத்தை ஏற்றாதீர்கள், மேசை, விளக்கு, புத்தகம் வாங்குங்கள்.

மலையடிவாரம்:

எல்லாருக்கும் நன்றி. ஏட்டுக்கணக்கு சார் சொன்னபடி ஆடிட்டரிடம் நாள் வாங்கிவிட்டோம். இரண்டு சந்தேகம். சிஎஸ்ஆரில் நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான் என்கிறார்களே, அப்படியானால் கணக்காளர், களப்பணியாளர் சம்பளம்? இன்னொன்று, அரசு மானியம் எதுவும் கிடையாதா?

ஓசூர் ரோடு:

அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலையை நிர்வகிக்க ஆகும் செலவுக்கு. உங்கள் களப்பணியாளரும் ஆசிரியரும் திட்டச் செலவு. சில கம்பெனிகள் இரண்டையும் குழப்பி உங்கள் தலையில் 5 சதவீதத்தைக் கட்டும். நிறுவன விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட கேள்வி பதிலை அச்செடுத்துக் கொண்டுபோய் மரியாதையாகக் காட்டுங்கள்.

ஒப்பந்தத் தலைப்பையும் பாருங்கள். "சேவை ஒப்பந்தம்" என்று இருந்தால் பணம் தரும்போதே வரி (டிடிஎஸ்) பிடிப்பார்கள், ஜிஎஸ்டி கேள்வியும் வரும். "மானிய ஒப்பந்தம்" என்று மாற்றச் சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி:

அரசுப் பக்கம் உங்கள் வேலைக்கு நேராகப் பொருந்துவது குறைவு. மத்திய அரசின் பெண்கள் நலத் திட்டமான மிஷன் சக்தியில் சக்தி சதன், சகி நிவாஸ் எல்லாம் இல்லமும் விடுதியும். கட்டடம், உரிமம், ஆள் என்று பெரிய வேலை. பெண் குழந்தையைக் காப்போம் திட்டப் பணம் மாவட்ட நிர்வாகம் வழியாகத்தான் செலவாகும், தனி மானியமாக வராது. ஆனால் மாவட்ட சமூக நல அலுவலரையும் முதன்மைக் கல்வி அலுவலரையும் பார்த்து, இந்த ஊராட்சிகளில் வேலை செய்கிறீர்கள் என்று ஒரு கடிதம் வாங்கி வைத்தால் கம்பெனியிடம் அதற்குத் தனி மதிப்பு.

பிள்ளைகளின் அம்மாக்கள் சுயஉதவிக் குழுவில் இருந்தால் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டின் மாவட்ட வளர்ச்சி மேலாளரைப் பாருங்கள். முதிர்ந்த குழுக்களுக்கான தொழில் பயிற்சியைத் தொண்டு நிறுவனம் வழியாக மானியத்தில் நடத்துகிறார்கள். சென்னை ஜப்பான் துணைத் தூதரகத்தின் அடிமட்ட மானியம் பற்றியும் யாராவது சொல்வார்கள். அது கட்டடம், வாகனம் போன்றவற்றுக்கு, சம்பளத்துக்கு இல்லை, எஃப்சிஆர்ஏவும் வேண்டும்.

மலையடிவாரம்:

வரைவோடு பிள்ளைகளின் படமும் பெயர்ப் பட்டியலும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

திட்ட எழுத்தர்:

பெயர்ப் பட்டியல் வேண்டாம். வரிசை எண், வயது, நின்ற வகுப்பு, ஊராட்சி, இவ்வளவு போதும். சரிபார்க்க வேண்டுமென்றால் மையத்துக்கு வந்து பதிவேட்டைப் பார்க்கட்டும். படத்துக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்குங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள். முகம் தெரியாமல், பின்னாலிருந்து எடுத்ததே போதும். கல்யாணம் நிறுத்தப்பட்ட பிள்ளை, போக்சோ வழக்கில் உள்ள பிள்ளை என்றால் படமும் கூடாது, பெயரும் கூடாது, ஊரை வைத்து அடையாளம் தெரிகிற கதையும் கூடாது. அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். இரண்டு பக்கத்தில் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை எழுதி அறங்காவலர் கூட்டத்தில் நிறைவேற்றி வரைவோடு இணைத்துவிடுங்கள். பட்டியலை ஏன் தரவில்லை என்று யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.