தோட்டத்துச் சாளை வீடு – குடும்பக் குழு

கவி (காலை 7:10)
பொள்ளாச்சித் தோட்டத்து வீட்டு வரைபடம் அனுப்பியிருக்கேனுங்க. 1,000 சதுர அடி, ஒரே தளம், தட்டைக் கூரை. மேக்கால 16 அடிக்கு முழுக் கண்ணாடிக் கதவு. வீட்டுத் தரையும் புல்லும் ஒரே மட்டம். எல்லாரும் பார்த்துச் சொல்லுங்க.

ஆனைமலை மாமா (7:24)
கண்ணு, அறைகளெல்லாம் நல்லா வந்திருக்குது. கதவோட திசையை மட்டும் மாத்தோணும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேக்க இருந்துதான் வரும், மழை சாய்ஞ்சு அடிக்கும். சாயங்கால வெயிலும் தாழ வர்றதால எவ்வளவு நீளச் சன்ஷேடு போட்டாலும் உள்ள விழும்.

ஆனைமலை மாமா (7:27)
தெக்கால திருப்பு. மலையும் அந்தப் பக்கந்தான். டிசம்பர் உச்சி வெயில் நம்மூர்ல சுமார் 56 டிகிரி உசரத்துல நிக்கும். 8 அடிக் கதவுக்கு 5½ அடி கூரை நீட்டுனாலே கண்ணாடி முழுக்க நிழல். 6 அடித் தாழ்வாரம் போடு, அதையும் தாண்டிக் கூரை 2 அடி வெளிய நிக்கட்டும். மேக்கால 2 அடி அகலத்துல ரெண்டு ஜன்னல், காத்துக்கு அது போதும்.

கவி (7:31)
தெக்கால மாத்திடறேனுங்க மாமா. ஒரே மட்டம் சரிங்களா?

ஆனைமலை மாமா (7:40)
வேண்டாம் சாமி. பெருமழையில தண்ணி நேரா கதவு டிராக்குக்கு வந்துரும், கரையானுக்கும் பாம்புக்கும் வழி சுலபம். வீட்டுத் தரை மண்ணுல இருந்து 18 அங்குலம். தாழ்வாரம் அதுக்கு 1½ அங்குலம் கீழ. அடிக்கு 1/8 அங்குலம் வெளிய வாட்டம் (சரிவு), 6 அடிக்கு முக்கால் அங்குலம். அப்ப தாழ்வாரத்து ஓரம் 15¾ அங்குலம் நிக்கும், திண்ணை மாதிரி உக்கார்ற உசரம். கைப்பிடிக் கம்பியே தேவையில்லை. நடுவுல 8 அங்குல உசரத்துக்கு 6 அடி நீளக் கருங்கல் படி ஒண்ணு. வீட்டையும் தோட்டத்தையும் சேர்த்து வைக்கறது அந்த ஓரந்தான், அங்க செலவு பண்ணு.

உள்ளயும் தாழ்வாரத்துலயும் ஒரே கடப்பாக் கல். வெளிய மட்டும் பாலிஷ் போடாத சொரசொரப்பு, இல்லைன்னா மழையில வழுக்கும்.

உடுமலை அண்ணன் (8:05)
கதவு பத்தி. 16 அடியை 4 பலகையாப் பிரிச்சா ஒண்ணு 4×8. 8 மி.மீ. டஃபண்டு (சூடேத்தி உறுதியாக்குன) கண்ணாடி மட்டுமே 60 கிலோ வரும். 100 கிலோ தாங்கற ரோலர் கேளு, சின்னது போட்டா தேய்ஞ்சு கதவு உக்காந்துக்கும். ரெண்டு டிராக்ல திறக்கறது பாதி, 8 அடிதான். கொசுவலைக்கு மூணாவது டிராக் இப்பவே சேர்த்துரு, பின்னால சேர்க்கறதுன்னா ஃப்ரேமையே பேர்க்கோணும்.

டிராக்குல வெளிப்பக்கம் தண்ணி வடியற ஓட்டை இருக்கும். கல்லு பதிக்கும்போது சிமெண்டு போய் அடைச்சுக்கும். அன்னிக்குக் கூட நின்னு பாரு.

ஆனைமலை மாமா (8:12)
கூரை ஓரத்துல அடிப்பக்கம் 1½ அங்குலம் உள்ள தள்ளி அரை அங்குலக் காடி (பள்ளக் கோடு) விடச் சொல்லு. கான்கிரீட் போடறதுக்கு முன்னாலயே அதைத் தாங்கற சென்ட்ரிங் பலகையில ரீப்பர்ங்கற மெல்லிசு மரச்சட்டத்தை அடிச்சு வெச்சரோணும். காடி இல்லாட்டி தண்ணி கூரைக்கு அடியிலயே ஊர்ந்து சுவருக்கு வந்து கருப்பா இறங்கும். அலங்காரமே இல்லாத வெள்ளைச் சுவத்துல அதுதான் மொதல்ல கண்ணுல படும்.

கோட்டூர் அத்தை (8:30)
படத்துல சுவத்தை ஒட்டிப் பாத்தி தெரியுது கவி, அதை எடுத்துரு. தினமும் தண்ணி விட்டா பேஸ்மட்டம் வழியா ஈரம் ஏறிப் பூச்சு உதிரும்.

கூரைத் தண்ணி விழற கோட்டுல 1½ அடி அகலம், 9 அங்குல ஆழம் வெட்டி, அடியில ஓட்டை போட்ட 4 அங்குலக் குழாய், மேல 40 மி.மீ. ஜல்லி. 1,000 சதுர அடிக் கூரையில 1 அங்குல மழைக்கு 2,300 லிட்டருக்கு மேல இறங்கும், அதை வாழைப் பக்கம் திருப்பு. செடியெல்லாம் ஜல்லிக்கு அந்தப் பக்கம். நந்தியாவட்டை, வெட்டிவேர், எலுமிச்சைப்புல் வெச்சா பராமரிப்பு கம்மி. உக்காந்தா மலை மறையாத உசரத்துல வெட்டி விடு.

தென்னை சுவத்துல இருந்து 20 அடியாவது தள்ளி இருக்கோணும், மட்டையே 15 அடிக்கு மேல. மேக்கால வெயிலுக்கு ரெண்டு புங்கை, 15 அடி தள்ளி. அரசு, அத்தி வேண்டவே வேண்டாம், வேர் அஸ்திவாரத்துக்குப் போகும்.

கவி (8:41)
பாத்தியை எடுத்துட்டேனுங்க அத்தை. மாமா, 18 அங்குலம் எந்த எடத்துல இருந்து அளக்கறது?

ஆனைமலை மாமா (8:44)
மண்ணு உசந்த முக்குல இருந்து. தாழ்ந்த முக்குல அளந்தா மேட்டுப் பக்கம் 10 அங்குலங்கூட நிக்காது. டியூப் லெவல் (தண்ணி நிரப்புன மட்டக் குழாய்) வெச்சு நாலு முக்கும் குறிச்சு அனுப்பு, அப்புறம் அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டலாம்.

கவி (8:46)
சரிங்க மாமா. கிணத்து மேட்டுப் பக்கந்தான் உசரமாத் தெரியுது, அங்கிருந்தே ஆரம்பிக்கறேன்.