தண்டையார்பேட்டை மெட்ரோ பக்கம் 2 பிஹெச்கே: வாடகையா, லீஸா?

கடல்காத்து கேட்டது:
மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம். இரண்டாவது மாடி, 750 சதுர அடி. வாடகை 16,000, அட்வான்ஸ் 1.5 லட்சம். இல்லாவிட்டால் 8 லட்சம் லீஸ், மூன்று வருஷத்துக்கு வாடகையே வேண்டாம், காலி பண்ணும்போது பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்கிறார் ஓனர். தெருவில் பழைய ஓட்டு வீடுகளை இடித்து வரிசையாக ஃப்ளாட் எழுப்புகிறார்கள். நடுவில் வாடகையை ஏற்றுவாரோ, பில்டருக்குக் கொடுத்துவிட்டுக் காலி பண்ணச் சொல்வாரோ என்று யோசனை. டோக்கன் கொடுக்கும் முன் எதைப் பார்க்கணும்?

மணிக்கூண்டு:
கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 லட்சத்துக்காக வருஷம் 1.92 லட்சம் வாடகையை விடுகிறார். அதாவது 24 சதவீத வட்டி. வங்கியில் கடன் கிடைக்கிறவர் இப்படிப் பணம் புரட்ட மாட்டார். அதனால் முதல் வேலை வில்லங்கம், அதாவது வீட்டின் மேல் பதிவான அடமானம், விற்பனை எல்லாம் காட்டும் சான்று. சர்வே எண்ணை வாங்கிப் பதிவுத்துறை தளத்தில் நீங்களே பார்க்கலாம். உரிமை ஆவணங்களை வங்கியில் ஒப்படைத்ததாகப் பதிவு இருந்து, கடன் தீர்ந்த ரசீது பதிவாகாமல் இருந்தால் வீடு அடமானத்தில் இருக்கிறது என்று அர்த்தம். தவணை நின்றால் வங்கி சீல் வைக்க வரும். அப்போது ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய லீஸ் உதவாது. பில்டரோடு ஒப்பந்தம் பதிந்திருந்தால் அதுவும் வில்லங்கத்தில் தெரியும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தே ஆகணும். ஓனர் வர மறுத்தால் லீஸை மறந்துவிடுங்கள்.

சம்ப்மூடி:
பேப்பரை அவர் சொல்லிவிட்டார், நான் வீட்டைச் சொல்கிறேன். காலையில் தண்ணீர் விடும் நேரத்தில் போங்கள். மெட்ரோ வாட்டரும் போரும் தனித்தனி லைனா, ஒரே சம்ப்பா என்று கேளுங்கள். பழைய குழாய்களில் சாக்கடை கலக்கிற தெருக்கள் இந்தப் பக்கம் உண்டு. முதலில் வரும் ஒரு குடம் தண்ணீரைப் பிடித்து மோந்து பாருங்கள். கடல் பக்கம் என்பதால் போர் தண்ணீர் உப்பாக இருக்கலாம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். 2000-க்கு மேல் காட்டினால் ஹீட்டரும் குழாய்களும் சீக்கிரம் போகும்.

சம்ப் மூடி ரோட்டை விடத் தாழ்வாக இருந்தால் மழையில் தெருத் தண்ணீர் முழுக்க அதற்குள்தான். ரோட்டை மேலே மேலே போட்டு வீடு பள்ளமாகிப் போன கேஸ் இது. ஈபி பாக்ஸைச் சமீபத்தில் உயர்த்தி மாட்டியிருந்தால் அந்தச் சுவரில் தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். ஓனர் சொல்ல மாட்டார்.

மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியாக இருக்கணும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் கேட்டால், இரண்டு மாசத்துக்கு 400 யூனிட் ஓட்டினாலே 4,000. தனி மீட்டரில் முதல் 100 யூனிட் இலவசம் போக, அதே 400 யூனிட் 1,500-க்குள் அடங்கும்.

சட்டப்பட்டி:
2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாச வாடகைதான், உங்கள் கணக்கில் 48,000. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுவே செல்லும். ஆகவே பேரத்தை இப்போதே முடியுங்கள். 11 மாசம்தானே என்று விடாதீர்கள். எத்தனை மாசமானாலும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் ஆன்லைனில் பதியணும். வாய்மொழியாக இருந்தால் ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டி வெளியேற்ற முடியும்.

வாடகை உயர்வு ஒப்பந்தத்தில் உள்ளபடிதான். "பரஸ்பரம் பேசி" என்று இருந்தால் அடித்துவிட்டு "11 மாசத்துக்கு ஒரு தடவை 5 சதவீதம்" என்று எண்ணைப் போடச் சொல்லுங்கள். இடிப்பதானால் 3 மாச நோட்டீஸ், சாவி வாங்கும் அன்றே முழு அட்வான்ஸ் என்று தனி வரி சேருங்கள். அட்வான்ஸைத் திருப்ப ஓனருக்குச் சட்டம் ஒரு மாசம் டைம் கொடுக்கிறது, ஆனால் அட்வான்ஸ் கைக்கு வராமல் அடுத்த வீட்டுக்கு எதைக் கட்டுவீர்கள்? பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பார் என்பதும் ரூபாயில் இருக்கட்டும்.

கடல்காத்து:
வில்லங்கம் பார்த்தேன். ஆவண ஒப்படைப்புப் பதிவு இருக்கிறது, ரசீது இல்லை.

மணிக்கூண்டு:
அப்போ லீஸ் வேண்டாம். வாடகைக்கு என்றாலும் அட்வான்ஸ் 48,000-ஐத் தாண்டாதீர்கள். வங்கி மூலமாகவே அனுப்புங்கள்.